கழற்றும் முன் எழுதி வையுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பது பற்றியும், அந்த வேலைக்குப் போவது பற்றியும் வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடம் முடித்திருக்கிறேன். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஷெட் ஒன்றில் அடுத்த மாதம் ஹெல்பராகச் சேர்கிறேன். அங்கே நிற்பதெல்லாம் எம்ஜி, டிரையம்ஃப். நான் கைவைத்தது மாருதியும் டாடாவும்தான். என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இன்ஜின் உங்களைப் பயமுறுத்தாது, தம்பி. நாலு சிலிண்டர், புஷ்ராடு, கார்பரேட்டர், பாயின்ட் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. முதல் வாரத்தில் தடுமாற வைப்பது ஸ்பானர் சைஸ்தான்.

எம்ஜிபி, மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் போன்ற 1960-களின் கார்களில் பெரும்பாலும் யு.என்.எஃப். என்ற அங்குல அளவு நுண்மரை இருக்கும். நட்டுத் தலை அங்குலக் கணக்கு: 1/4 போல்ட்டுக்கு 7/16 ஸ்பானர், 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16. இதில் 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. கையில் இருக்கும் 13 நம்பர் ஸ்பானர் அதில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி உட்காருவதுதான் ஆபத்து. ஐம்பது வருடத் துருவோடு இறுகிக் கிடக்கும் நட்டை அந்த 0.3 மி.மீ. ஆட்டத்தோடு திருப்பினால் மூலை மழுங்கும். பிறகு பைப் ரெஞ்சு, உளி, கடைசியில் கிரைண்டர். ஐந்து நிமிட வேலை அரை நாளைத் தின்றுவிடும்.

இன்னும் பழைய கார் வந்தால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த ஸ்பானரில் அடித்திருக்கும் எண் தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். 1/4 விட்வொர்த் ஸ்பானரின் வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. இருக்கும். மரையின் கோணமும் வேறு: விட்வொர்த் 55 டிகிரி, யு.என்.எஃப்.பும் மெட்ரிக்கும் 60 டிகிரி. எம்ஜி டி.சி., டி.டி. இன்ஜின்களில் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த். அதனால் தலையைப் பார்த்து மரையை முடிவு செய்யாதீர்கள். மரையை அளக்கும் பிட்ச் கேஜ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். 55-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று என்று இரண்டு செட் தேவை.

புதுப் பையன்கள் அடிக்கடி செய்யும் தவறு, 5/16 யு.என்.எஃப். ஓட்டையில் எம்8 போல்ட்டைப் போடுவது. 5/16 என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கையால் இரண்டு மரை ஏறும், அப்புறம் இறுகும். 'துரு' என்று நினைத்து ஸ்பானர் போட்டு இழுத்தால் பிளாக்கின் மரை போய்விடும். அந்த பிளாக்கை எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது. கையால் முழுவதும் ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றக் கூடாது. இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மாதம் உங்களுக்குக் கழற்றுவதும் கழுவுவதும்தான் வேலையாக வரும். அதை மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். புதுப்பிக்க வந்த காரின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. கழற்றுபவர் ஒருவர், ஒன்றரை வருடம் கழித்துப் பூட்டுபவர் வேறொருவர். நடுவில் ஞாபகம் என்று எதுவும் மிஞ்சாது. ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் தேதி, எடுத்த பாகம், அளந்த அளவு, வைத்த இடம் என்று எழுதுங்கள். போட்டோவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒயரும் பைப்பும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரியும்படி ஒன்று எடுங்கள். போல்ட்டை அதே ஓட்டையில் இரண்டு மரை ஏற்றி விட்டுவிடுவது பையில் போடுவதைவிட நல்லது. புஷ்ராடு எட்டையும் அட்டையில் ஓட்டை போட்டு 1 முதல் 8 வரை வரிசையாகச் செருகுங்கள். ஒவ்வொன்றும் தன் டாப்பெட்டோடு தேய்ந்து பழகியது, மாறினால் இரண்டும் கெடும். கதவுக் கீலுக்கு அடியில் இருக்கும் ஷிம் தகடுகளை எண்ணி, எந்தக் கீலில் எத்தனை என்று எழுதுங்கள். மெல்லிய தகடு என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டால், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு கதவு உட்காராது.

இறுகிய நட்டுக்கு ஒரு வழி: முதல் நாள் மாலையே துரு நீக்கும் ஆயில் விட்டு வையுங்கள். மறுநாள் நட்டைச் சூடு காட்டுங்கள், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்ததும் மரையில் மெழுகுவர்த்தியை வையுங்கள், உருகி உள்ளே இழுக்கும். கால் சுற்று அவிழ்த்து, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி அவிழ்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க், பைப் பக்கம் நெருப்பு வேண்டாம். பெட்ரோல் டேங்கில் காலியாக இருந்தாலும் வெல்டிங் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது இங்கே எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம். இந்தக் கார்களின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

சேரும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: மாதச் சம்பளமா, நாள் கூலியா, இ.எஸ்.ஐ. உண்டா, இன்ஜின், எலக்ட்ரிக்கல், டிங்கரிங் என்று எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள். மூன்றாவதுக்குத் தெளிவான பதில் சொல்லும் ஷெட், நீங்கள் தொழில் கற்க வேண்டும் என்று நினைக்கிற ஷெட்.

இன்னொன்று. எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டர்னர்களும் ஃபிட்டர்களும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிய ஊர் எண்ணூர். மைக்ரோமீட்டர் பிடிக்கிற கையை அந்தப் பெரியவர்களிடம் போய்ப் பழகுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு எம்ஜிபி கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பதினைந்து வருடமாக நிற்கிறது. கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி ஸ்க்ரூ டிரைவரால் தட்டினாலே உதிர்கிறது. மேலே புதுத் தகடு ஒன்றை மூடி வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார் டிங்கர். செய்யலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: செய்யாதீர்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். மேல்கூரையும் இல்லாத திறந்த கார் என்றால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பவை இந்த இரண்டு சில்களும் நடுவில் கியர் பாக்ஸும் ஷாஃப்ட்டும் போகும் டனலும்தான். சில் என்பது ஒரு தகடு அல்ல. வெளித் தகடு, நடுவில் செங்குத்தாக ஒன்று, உள் தகடு, அடியில் நீளமாக ஒரு ரெயில். வெளியே மூடினால் உள்ளே இருக்கும் மூன்றும் இருட்டில் தொடர்ந்து அரிக்கும், பலம் ஒன்றும் திரும்பி வராது.

சரியாகச் செய்தால் முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும். பின் ஃபெண்டரின் கீழ்ப் பகுதியையும் வெட்ட வேண்டும், சில் அதற்கு உள்ளேயும் போகிறது. டிங்கர் தயங்குவது இதனால்தான். இது நாலு நாள் வேலை அல்ல.

வெட்டுவதற்கு முன் கதவுகளை மூடி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து எழுதுங்கள். காரின் எடை சஸ்பென்ஷன் உட்காரும் இடங்களில் ஸ்டாண்டு மேல் நிற்க வேண்டும். முன்னால் கிராஸ் மெம்பர், பின்னால் ஆக்ஸில். நடுவில் ஜாக்கி வைத்தால் பாடி மேலே வளையும், முனைகளில் தொங்கவிட்டால் கீழே தொய்யும். கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே 25 மி.மீ. சதுர பைப் ஒன்றைக் குறுக்கே வெல்டிங் வைத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். ஒவ்வொரு தகடும் பொட்டு வைத்த நிலையில் இருக்கும்போதே கதவை மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டிய காரில் கதவு மறுபடி மூடவே மூடாது.

எடை தாங்கும் தகடுகளுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. வெளித் தோலுக்கு 20 கேஜ், 0.9 மி.மீ. மிக் வெல்டிங்கில் 0.6 அல்லது 0.8 ஒயர், ஆர்கான்–கார்பன் டை ஆக்சைடு கலவை. நீளமாக இழுத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு அலை அலையாக நெளியும். ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, பிறகு நடுவில் என்று நிரப்ப வேண்டும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் மேல் தகட்டில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, அதை வெல்டிங்கால் அடைப்பது வழக்கம்.

உங்கள் ஏரியாவுக்கு முக்கியமானது உப்பு. துருவின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். கிரைண்டர் போட்டுப் பளபளப்பாக்கினாலும் அது போகாது. மேலே அடிக்கும் பிரைமரை ஆறு மாதத்தில் கொப்பளிக்க வைப்பது அதுதான். முதலில் நல்ல தண்ணீரால் பிரஷர் வாஷ் இரண்டு தடவை, நடுவில் வெயிலில் காய விட்டு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். பிறகு அடிப்பக்கமுள்ள தடித்த பாகங்களுக்கு மட்டும் மணல் பிளாஸ்டிங். பானட், கதவுத் தோல் மாதிரி மெல்லிய தகட்டில் மணலை அடித்தால் தகடு விரிந்து உப்பிவிடும், அதை எந்த டிங்கராலும் முழுதாகச் சமன் செய்ய முடியாது. அவற்றுக்கு பெயின்ட் ரிமூவரும் கையுழைப்பும்தான்.

வெறும் இரும்பு தெரிந்த அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். தகட்டின் சூடு பனி படியும் வெப்ப நிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். கடற்காற்று ஏறிய மாலையில், ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்கக் கூடாது. துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் தடவியிருந்தால் அந்த வெள்ளைப் பொடியை நன்றாகக் கழுவிய பிறகே எபாக்சி. இல்லாவிட்டால் தோலாக உரியும்.

கடைசியாக, சில்லுக்குள் மெழுகு ஸ்பிரே. அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பாருங்கள், பெயின்டும் பட்டியும் அடைத்திருக்கும்.

கேள்வி: இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர். சர்வீஸ் செய்து ஒரு மாதத்திலேயே ஐடிலிங் நிற்கவில்லை, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது.
– வாசகர், ராயபுரம்

பதில்: வாடையை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உள்ளுக்குள் உதிரும், வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஹோஸின் மேல் 'ஜே30 ஆர்9' என்று தர எண் அச்சாகியிருக்க வேண்டும். ஃப்ளோட் ஊசியும் வைட்டான் என்ற ரப்பர் முனை உள்ளதாக இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கார்பரேட்டர் அது, ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது.

அடுத்து த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது காற்றுத் தட்டைத் திருப்பும் தண்டு. ஐடிலிங்கில் இரண்டு முனையிலும் கார்ப் கிளீனரைச் சிறிதாக ஸ்பிரே செய்யுங்கள், இன்ஜின் சூடேறியிருந்தால் வேண்டாம், குளிர்ந்து ஸ்டார்ட் ஆன உடனே. சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. ஸ்பிண்டில் தேய்ந்த கார்பரேட்டரை ஒரு நாளும் டியூன் செய்ய முடியாது. புது ஸ்பிண்டில் போட்டும் ஆட்டம் இருந்தால் பாடியில் புஷ் அடித்துத்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு டியூனிங். கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். மெதுவாக இறங்கினால் ஜெட் நடுவில் இல்லை. ஜெட்டை, பிஸ்டன் வந்து உட்காரும் பாலத்தோடு மட்டமாக ஏற்றி, அங்கிருந்து நட்டை 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்குவது தொடக்க நிலை. கார்பரேட்டரின் தலையில் உள்ள டேஷ்பாட்டில் 20 நம்பர் ஆயில், உள்ளே தெரியும் குழல் கம்பிக்கு அரை அங்குலம் மேல் வரை. ஆயில் இல்லாவிட்டால் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் திணறும், உங்கள் திணறலுக்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ஒரு ஹோஸைக் காதில் வைத்துக் கேளுங்கள்.

இன்ஜின் சூடான பிறகு பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்தால் குறைவு. சட்டென்று கொஞ்சம் ஏறி இறங்கினால் சரி. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை மெலியும். ஓரிரு முகம் கூடுதலாக இறக்க வேண்டி வருவது சகஜம். மாதக்கணக்கில் கார் நிற்கப் போகிறதென்றால் டேங்கை வடித்துவிடுங்கள். எத்தனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். முன் வீல் டிரனியனில் கிரீஸ் அடிக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கூடாது. 90 நம்பர் கியர் ஆயில் மட்டும்.

இந்த ஒரு கேள்விக்காகவே பத்திரிகையில் இடம் ஒதுக்கலாம். வண்டலூரில் தயாரான உங்கள் ஹெரால்டும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி, இரண்டுக்கும் முன் சஸ்பென்ஷனும் ஒரே அமைப்பு. வீலைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ் முனையில் மரை இருக்கும், அது பித்தளை டிரனியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கிரீஸ் அடி வரை இறங்காது, கட்டியாகி மேலேயே அடைத்துக்கொள்ளும். கீழே தண்ணீர் தங்கி, மரையின் அடிப்பள்ளம் துருப்பிடித்து, ஒரு நாள் அங்கேயே முறியும். வீல் உள்ளே மடங்கிக் கார் தரையில் உட்காரும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும்போது நடக்கும், நெடுஞ்சாலையில் நடக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நிப்பிளில் ஆயில் கன் வைத்து, மேலே ஆயில் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். வருடம் ஒரு முறை, மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் அந்த வாரமே. இதுவரை கிரீஸ்தான் போயிருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் பிரித்துக் கழுவி மரையைப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்த இரும்பை மாற்றிவிடுங்கள், வெல்டிங் வைத்து மரை போடாதீர்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி வாங்கிவிட வேண்டாம்.

கேள்வி: என் மகன் பழைய கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் இடத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறான். சாயங்காலமானால் இருமல், நெஞ்சு இறுக்கம். லீவு நாளில் இருப்பதில்லை. முகத்தில் துணிதான் கட்டுகிறான்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 'ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயின்ட் அடிக்கிறான், வேலை நாளில் இருக்கிறது, லீவில் இல்லை' என்று இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வித்தியாசம்தான் நோயைக் காட்டிக் கொடுப்பது.

டூ-கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மேலே அடிக்கும் கிளியர் கோட்டிலும் உண்டு. அது நுரையீரலில் ஒரு தடவை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை இறுக்கும், அந்த நிலை மாறுவது கடினம். துணியும் பேப்பர் மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை. கரி ஃபில்டர் மாஸ்க்கையும் நம்ப முடியாது. இந்த வாயுவின் வாடை தெரிவதற்கு முன்பே கேடு செய்யும் அளவு உள்ளே போய்விடும், ஃபில்டர் தீர்ந்ததும் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி, காற்றை இழுத்து வெளியேற்றும் பூத், கையுறை, முழுக்கைச் சட்டை இவை நாலும் வேண்டும். கன் கழுவும்போதும் முகமூடி கழலக் கூடாது.

டாக்டர் பார்க்கும் வரை அவன் கன்னைத் தொட வேண்டாம். பட்டி பார்ப்பது, பூட்டுவது போன்ற வேலை கேட்கட்டும், ஸ்பிரே நடக்கும் இடத்திலிருந்து தள்ளி. பழைய பெயின்டைத் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால்தான் தேய்க்க வேண்டும், அதில் ஈயம் இருக்கும்.

கேள்வி: 1968-இல் பதிவான கார். வின்டேஜ் பதிவு செய்தால் தினமும் ஓட்டலாமா?
– வாசகர், சோழவரம்

பதில்: ஓட்ட முடியாது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வாகனத்துக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போவது இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதுள்ள சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய கார் என்றால், ஃபெண்டரில் வெட்டியது, பம்பரைக் கழற்றியது போன்ற பழைய மாற்றங்களைப் போட்டோவோடு ஆவணமாக வைத்திருங்கள்.

கேள்வி: பேட்டரியின் பிளஸ், பாடியில் எர்த் ஆகியிருக்கிறது. மாற்றலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: லூகாஸ் கம்பெனியின் எலக்ட்ரிக்கல் பாகங்கள் உள்ள அந்தக் காலத்துக் கார்களில் அப்படித்தான் வரும், பழுது அல்ல. எம்ஜிபி 1967 வரை அப்படியே வந்தது. டைனமோ உள்ள காரை மாற்றுவது சுலபம். பேட்டரியைத் திருப்பி வையுங்கள், இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயரை இடம் மாற்றுங்கள், ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயரையும். செல்ஃப் மோட்டாரைத் தொட வேண்டாம், பேட்டரியை எப்படி மாட்டினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். ரேடியோவும், டயோடு வைத்த எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பும் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், ஒரு நொடியில் எரிந்துவிடும்.

பிறகு டைனமோவுக்குப் புதுத் திசையைக் காட்ட வேண்டும். 'எஃப்' முனையிலுள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து அந்த 'எஃப்'-இல் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். ஒயரை மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் சார்ஜ் லைட் அணைய வேண்டும்.